நல்லவராகத் திரும்பி வந்தவர்

அவர் வாயிலிருந்து நான் முதன்முதலில் கேட்ட சொல் "ஏலா" என்பதுதான், முடியாது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பல வருடம் அவரோடு ஒரே லொறியில் ஓடினேன். அந்தச் சொல்லை அவர் சொல்லாத ஒரு நாளை நினைவில் தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

புத்தளம் டவுனில் ஒரு தளபாடக் கடையில் எனக்கு லொறி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. அலுமாரி, கட்டில், பிரிஜ், வொஷிங் மெஷின் என்று வாங்கியவர்களின் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிக் கொடுக்கும் லொறி. சாமான் ஏற்றி இறக்கும் நாட்டாமி அவர். என்னைவிட நன்றாக மூத்தவர். அண்ணன் முறையில் நான் அவரை நானா என்று கூப்பிட்டேன். கடையில் முதலாளி உட்பட எல்லோருக்குமே அவர் நானாதான்.

முதல் நாள் தில்லையடியில் ஒரு மாடி வீட்டுக்குப் புது பிரிஜ் கொண்டுபோனோம். வெளிப்பக்கத்தால் ஏறும் ஒடுக்கமான படிக்கட்டு, இன்னும் கைபிடி கட்டவில்லை. நானா அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் முதல் படியைத் தேய்த்துப் பார்த்தார்.

"ஏலா" என்றார்.

வீட்டுக்காரப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன நானா இது? போன மாசம் வேற கடைக்காரங்க மெஷின் ஒண்ட இதே படியாலதானே ஏத்தித் தந்தாங்க."

"அப்ப அவங்களயே கூப்பிடுங்க. எனக்கு ஏலா."

சொல்லிவிட்டு லொறியில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போடத் தொடங்கினார். நான் புதியவன். பிரிஜ்ஜுக்குக் காவல் நிற்பவனைப் போல நின்றேன். வெற்றிலையைத் துப்பிய பிறகு நானா இறங்கி வந்தார். பக்கத்து வீட்டு ஆண்கள் இருவரைக் கூப்பிட்டார், மாடி முகப்பில் கயிறு கட்டினார், பழைய மெத்தை ஒன்றைக் கேட்டு வாங்கிச் சுவரோடு சேர்த்துப் போட்டார். பிரிஜ் ஒரு கீறலும் இல்லாமல் மேலே போய்ச் சேர்ந்தது.

"ஏலா ஏலா எண்டீங்களே" என்றாள் அந்தப் பெண்.

"ஓம். படியால ஏலா."

இப்படித்தான். எதைக் கேட்டாலும் முதலில் அந்தச் சொல் வரும். பிறகு கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகுதான் வேலை நடக்கும், அதுவும் கேட்டவர் கேட்ட மாதிரி நடக்காது. மழை பெய்தால் இறக்க ஏலா. தரை சேறாக இருந்தால் லொறி அங்கே போக ஏலா. கூட ஆள் இல்லாமல் பிரிஜ்ஜைத் தொட ஏலா. முதலாளி ஒரு நாள் செலவைக் குறைக்க நினைத்து, எங்களோடு வரும் மற்ற நாட்டாமியை நிறுத்திவிட்டு இவரை மட்டும் அனுப்பப் பார்த்தார். நானா கடைக்கு முன்னால் போட்டிருந்த விற்பனைக் கதிரை ஒன்றில் போய் உட்கார்ந்தார். வாடிக்கையாளர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். மத்தியானத்துக்குள் மற்ற நாட்டாமி வந்துவிட்டான்.

அவரோடு வேலை செய்வது சுகமான காரியம் இல்லை. சாமான் பிந்தினால் வீட்டுக்காரர் ஃபோனில் ஏசுவது என்னைத்தான். அவரோ பக்கத்தில் இருந்து என்னையே ஏசுவார். கியர் மாற்றுவது பிழை, ஹோர்ன் அடிப்பது பிழை, சாப்பாட்டுக் கடையில் நான் கறி கேட்ட விதம் பிழை. ஒருமுறை உப்பளத்துப் பக்கம் றோட்டில் நின்ற கழுதைக்கு நான் வழி விட்டது பிழை என்று கற்பிட்டி வரைக்கும் ஏசிக்கொண்டு வந்தார். இறங்கும்போது தன் பார்சலில் இருந்த பொரித்த மீனில் பாதியை எடுத்து என் பார்சலில் வைத்தார். சாப்பிடு என்று சொல்லவில்லை. அதற்கும் ஏதோ ஏசினார்.

லொறித் தட்டில் நான் ஓடி நடந்தால் மட்டும் அவருடைய குரல் வேறு மாதிரி ஆகிவிடும். "நில்லு! எங்க ஓடுற? மரத்தில ஏறுறவன் பாத்துத்தான் ஏறுவான். இந்தத் தட்டு உசரமே இல்லியே எண்டு நெனச்சித்தான் ஆக்கள் விழுற." நானா கொழும்பில் இருந்த காலத்தில் கூட வேலை செய்த ஒருவர் இப்படித் தட்டிலிருந்து விழுந்ததைக் கண்ணால் கண்டவர் என்று கடையில் யாரோ சொன்னார்கள். நானாவிடம் கேட்டேன். "ஆரு செல்லின? வேலயப் பாரு" என்றார். அது உண்மையா பொய்யா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் விழுந்தது கரைத்தீவில் ஒரு கல்யாண வீட்டில்.

அன்றைக்குக் காலையிலேயே அவர் ஏலா என்றுவிட்டார். அதற்குக் காரணமும் இருந்தது. சாமான்களைச் சரித்து இறக்க எங்களிடம் நீளமான பலகை இரண்டு உண்டு. முதலாளி தன் வீட்டில் கொங்கிரீட் போடுவதற்காக அவற்றை எடுத்துப்போயிருந்தார். மற்ற நாட்டாமிக்குக் காய்ச்சல். லொறியில் இருந்ததோ இரட்டைக் கதவு அலுமாரி, கட்டில், கண்ணாடி மேசை எல்லாம்.

"பலகயும் இல்ல, ஆளும் இல்ல. ஏலா முதலாளி."

"ஒரு நாளைக்கிச் சமாளிங்களே நானா. நாளைக்கி நிக்காஹ். பொம்புளப் புள்ளட வீடு."

நானா வழக்கமான கதிரைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் வாப்பாவே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவர் சண்டை பிடிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு லொறிக்குப் பக்கத்தில் நின்றார். நானா அவரைப் பார்த்தார். எழுந்து வந்து லொறியில் ஏறினார். ஏன் ஏறினார் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். பலகை இல்லாமல் அவர் ஏறியது அந்த ஒரு நாள்தான்.

முற்றத்தில் கிணற்றுப் பக்கம்தான் தரை காய்ந்திருந்தது. அவரே கை காட்டி லொறியை அங்கே எடுக்கச் சொன்னார். விடியற்காலை மழையில் தட்டு ஈரமாக இருந்தது. சாரனால் துடைத்தார். மேலே அவர் தனியாக, கீழே வாங்குவதற்கு நானும் பெண்ணின் தம்பியும். அலுமாரியை ஒரு மூலை, மறு மூலை என்று மாற்றி மாற்றி அசைத்துக்கொண்டு பின்னுக்கு நடந்து வந்தார். ஒவ்வோர் அசைவுக்கும் தலையைத் திருப்பித் தட்டின் விளிம்பைப் பார்த்தார். கடைசியாக ஒருமுறை திரும்பியபோது விளிம்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தம்பி" என்றார். எதையோ சொல்லப் போகிறார் என்று நான் முகத்தைத் தூக்கினேன். அவருடைய கால் வெறும் காற்றில் இறங்கியது.

பெரிய உயரம் இல்லை. என் நெஞ்சளவுதான். மண்ணில் விழுந்திருந்தால் எழும்பி எங்களை ஏசியிருப்பார். தலை கிணற்றுக் கட்டின் சீமெந்து விளிம்பில் பட்டது. அலுமாரி மேலேயே நின்றது. அதன் கண்ணாடிகூட உடையவில்லை.

புத்தளம் ஆஸ்பத்திரியில் இருந்து அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பல நாள் நினைவு வரவில்லை. முதலாளி போய்ப் பார்த்தார், செலவுக்கும் கொடுத்தார். கடையில் எல்லோரும் துஆக் கேட்டோம். பிறகு ஒரு நாள் நானாவின் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுபவர், ஃபோன் எடுத்து அவர் வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். சந்தோசமான செய்தி. மதினியின் குரலில் மட்டும் சந்தோசம் இருக்கவில்லை.

போனேன். நானா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் தழும்பைத் தவிர ஒரு குறையும் தெரியவில்லை. என்னைக் கண்டதும் எழும்பினார்.

"வா தம்பி, வா. ஒக்காரு. சொகமா ஈக்கிறியா? தேத்தண்ணி குடிக்கிறியா?"

நான் திரும்பி மதினியைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவர் என்னைச் சுகம் கேட்டது கிடையாது. மதினி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

தேத்தண்ணி ஊற்றும்போது குசினியில் மதினி மெதுவாகச் சொன்னார். "மூளைட முன்பக்கத்தில அடியாம். நடப்பாரு, கதப்பாரு, பழசு எல்லாம் ஞாவகமும் ஈக்குமாம். கொணம் மட்டும் மாறலாமாம். நல்லதா மாறுமா கெட்டதா மாறுமா எண்டு நான் டாக்டர்ட்டக் கேட்டன். அது செல்ல ஏலா எண்டாரு."

"இப்ப எப்பிடி மதினி?"

"ஏசுறாரில்ல. என்ன ஆக்கினாலும் நல்லம் எண்டு சாப்பிடுறாரு. முந்தாநாள் மீன் கெட்டுப் போயிட்டுது, மணமும் தெரியல்ல அவருக்கு. நல்லம் எண்டு திண்டுட்டாரு." அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நான் எத்தின நாள் அல்லாஹ்ட்டக் கேட்டிருப்பன், இந்த மனிசன்ட வாயக் கொஞ்சம் கொறச்சித் தா எண்டு."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

கொஞ்ச நாளில் நானா வேலைக்கு வந்தார். உடம்பில் பழைய பலம் அப்படியே இருந்தது. முதலாளி அவரைக் கட்டிப் பிடித்து வரவேற்றார். "ஏலுமா நானா?"

"ஏலும் முதலாளி."

கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். முதல் கிழமை எனக்கும் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சாமான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மழையில் இறக்கச் சொன்னார்கள், ஏலும் என்றார். ஒரே ஓட்டத்தில் இரண்டு மடங்கு ஏற்றச் சொன்னார்கள், ஏலும் என்றார். வீட்டுக்காரர்கள் அவருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள், துஆச் செய்தார்கள். நானா இவ்வளவு நல்ல மனிதராக இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. பக்கத்தில் அவர் பேசாமல் சிரித்த முகத்தோடு உட்கார்ந்து வரும்போது மட்டும் எனக்கு என்னவோ செய்யும். வேண்டுமென்றே கியரைப் பிழையாகப் போட்டுப் பார்ப்பேன். அவர் வெளியே மின்சாரக் காற்றாடிகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கற்பிட்டியில் கடலோரம் ஒரு ஹோட்டலுக்குப் பெரிய பிரிஜ் கொண்டுபோனோம். மாடிக்கு இரும்புப் படி. மற்ற நாட்டாமி பின்னால் ஓட்டோவில் வந்துகொண்டிருந்தான். நான் லொறியை ஓரமாக்கிவிட்டு வருவதற்குள் ஹோட்டல்காரர் ஒருவர், "தனியா ஏத்த ஏலுமா அண்ணே?" என்று கேட்டிருக்கிறார். நான் வந்து பார்க்கும்போது நானா பிரிஜ்ஜை முதுகில் கயிற்றால் கட்டிக்கொண்டு படியில் பாதி தூரம் போய்விட்டார். கடல் காற்று அடிக்கிறது. கைபிடியைப் பிடிக்கக் கை இல்லை. ஒரு படியில் கால் வழுக்கி முழங்கால் இரும்பில் மோதியது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த காலை வைத்தார்.

நான் ஓடிப்போய்க் கீழே இருந்து தோளைக் கொடுத்தேன். மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் முதுகுக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

"நானா, ஒங்களுக்குப் பயமே இல்லயா?"

யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "இல்ல" என்றார். பிறகு என்னிடம் கேட்டார், "முந்தி இருந்திச்சா?"

அவ்வளவு காலம் அவர் சொன்ன ஏலாக்களைத் திமிர் என்று நினைத்தேன், சோம்பல் என்று நினைத்தேன், சில நாள் முதலாளிக்கு எதிரான பிடிவாதம் என்று நினைத்தேன். பயமாக இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அன்றைக்குத் தோன்றியது. அதுவும் சரிதானா என்று தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் தெரிந்த ஆளிடமே அதற்குப் பதில் இல்லை.

முழங்கால் வீங்கி அவர் வீட்டுக்குப் போன அன்றே மதினி அவரை லொறியில் ஏற விடுவதில்லை என்று முடிவெடுத்தார். அதோடு தொழிலாளர் குறைகளை விசாரிக்கும் தொழில் கந்தோருக்குப் போய், வேலையில் விழுந்ததற்கு நட்டஈடு வேண்டும் என்று முறைப்பாடும் செய்தார். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

அதிகாரி ஓர் இளம் பெண். பொறுமையாகத்தான் கேட்டாள். ஒரு பக்கம் முதலாளி, மறு பக்கம் மதினி, நடுவில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நானா. நான் பலகை இல்லாததையும் ஆள் இல்லாததையும் சொன்னேன். அதிகாரி நானாவிடம் திரும்பினாள்.

"ஐயா, அண்டைக்கு உங்களுக்குப் பலகை தரவில்லையா?"

"ஓம் மகள், தரல்ல."

முதலாளி முன்னுக்கு நகர்ந்தார். "நானா, அல்லாஹ்வுக்காகச் செல்லுங்க. நான் பலாத்காரமா அனுப்பினனா? நீங்களாத்தானே லொறியில ஏறின?"

"ஓம் முதலாளி. நானாத்தான் ஏறின."

"இல்ல, இவருதானே உங்கள அனுப்பின?" என்றார் மதினி.

"ஓம், ஓம். இவருதான்."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தாள். "அம்மா, இப்ப இவருக்கு என்ன ஏலாம இருக்கு? கை கால் சரிதானே? ஞாபகமும் இருக்கு."

"முந்தி எதக் கேட்டாலும் ஏலா எண்டுதான் செல்லுவாரு, மிஸ். இப்ப எல்லாத்துக்கும் ஏலும் எண்டு செல்றாரு. கேக்கிற ஆளுக்கெல்லாம் சாமானத் தூக்கிக் குடுக்கிறாரு. காஸ் சிலிண்டரக் குடுத்திட்டாரு. சைக்கிளக் குடுத்திட்டாரு. ஏசவும் மாட்டாரு."

அந்தப் பெண் மதினியைப் பார்த்தாள், நானாவைப் பார்த்தாள். நானா அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "அது நல்லதுதானே?" என்றாள் தயங்கித் தயங்கி. கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை.

முதலாளி உடனே சொன்னார், "அதத்தான் நானும் செல்றன் மிஸ். முந்தி கடிச்சிக் கொதறுவாரு. இப்ப தங்கமான மனிசன்." அவரும் மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதிகாரி என்னைக் கேட்டாள். "நீங்க கூட வேல செஞ்சவர்தானே. விழுந்ததால இவருக்கு என்ன நட்டம்?"

நான் வாயைத் திறந்தேன். "முந்தியும் நல்லவருதான், மிஸ். இப்பவும் நல்லவருதான். ஆனா..." அதற்கு மேல் வரவில்லை. அவருடைய ஏலாவுக்குள்ளேதான் நாங்கள் எல்லோரும் இத்தனை வருடம் கை கால் முறியாமல் ஓடினோம் என்று வீட்டுக்கு வரும் வழியில் தோன்றியது. கந்தோரில் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதைப் படிவத்தின் எந்தக் கூட்டில் அந்தப் பெண் எழுதியிருப்பாள்?

கந்தோரில், நானாவைக் கொழும்பில் டாக்டர்களிடம் காட்டச் சொன்னார்கள். மதினி அலைந்து அலைந்து கடைசியில் நட்டஈடாக ஏதோ கொஞ்சம் கிடைத்தது. நான் அதற்குள் சிலாபத்தில் தேங்காய் மில் ஒன்றில் லொறி ஓட்டப் போய்விட்டேன்.

போன நோன்புப் பெருநாளைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தது, திறப்பு மதினியின் இடுப்பில் இருந்தது. நானா உள்ளே கதிரையில் இருந்து ஸலாம் சொன்னார், பிள்ளைகளைச் சுகம் கேட்டார், வட்டிலப்பத்தை என் பக்கம் தள்ளினார். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தார். பேசி முடித்து வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மதினி பின்னால் வந்தார்.

"தம்பி, ஒண்டு கேட்டா சிரிக்க மாட்டீங்களே?"

"செல்லுங்க மதினி."

"அவரு ஏசுறது எனக்கு மறந்து போகுது. சத்தம் ஞாவகத்தில வருதில்ல. நீங்கதானே பக்கத்திலயே இருந்த. ஒருக்கா அவரப் போல ஏசிக் காட்டுறீங்களா?"

முதலில் வெட்கமாக இருந்தது. அவர் நின்ற நிலையைப் பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை. ஒருமுறை முந்தல் ஊரில் லொறியைப் பின்னுக்கு எடுத்து ஒரு வேலியைச் சாய்த்துவிட்டேன். அன்றைக்கு அவர் என்னை ஏசியது சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவரைப் போலவே கழுத்தை முன்னுக்கு நீட்டித் தொடங்கினேன். "டேய், ஒனக்கு லைசன் தந்தவன் கண்ணாஸ்பத்திரியில ஈக்கிறானா? வேலி எண்டா நகந்து போற சாமானா? எறங்கு! எறங்கி நடந்து வா! லொறிய நான் தோள்ல தூக்கிட்டு வாரன், அது ஒன்னய விட சேப்..."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது.

உள்ளேயிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நானா கதவடியில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஆரு தம்பி அந்த மனிசன்?" என்றார். "சரியான கோவக்காரன் போல."

அவருக்கு ஞாபகம் எல்லாம் இருக்கிறது என்றுதானே டாக்டர் சொன்னார். பகிடிக்குக் கேட்கிறாரா, மெய்யாகவே கேட்கிறாரா என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மதினியைப் பார்த்தேன். மதினி சிரிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல், முந்தானையை வாயில் வைத்தபடி, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.